ஸ்பேனருக்கு அடங்கும் கார்: ஒரு எம்.ஜி.பி. ஜி.டி. தேர்வின் நிகழ்வு ஆய்வு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகிறேன் என்று யாராவது வந்து நின்றால், நான் முதலில் கேட்பது "வெல்டிங் தெரியுமா?" என்றுதான். பெரும்பாலானோர் தெரியாது என்பார்கள். துருப்பிடித்த உடலைச் சரிசெய்ய வெல்டிங் வேண்டும் என்பதால், அந்தப் பதிலிலேயே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது. எது அழகு, எது வேகம், எதற்கு மவுசு என்பதெல்லாம் அதற்குப் பிறகு பேச வேண்டியவை.

இங்கே எடுத்துக்கொள்வது இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் வசிக்கும் நண்பர் ஒருவரின் தேர்வு. என்னைவிட இளையவர், என்னை அண்ணா என்று அழைப்பவர். கையில் 6,000 பவுண்டு வைத்திருந்தார். வீட்டை ஒட்டி ஒரு கார் நிற்கும் அளவுக்கு ஷெட் உண்டு. லிஃப்ட் கிடையாது, ஜாக்கியும் ஸ்டாண்டும்தான். அவருடைய அப்பா கோவையில் அம்பாசடர் டாக்சி வைத்திருந்தவர். அதனால் டேப்பட் செட்டிங், பாயின்ட் தேய்ப்பது, கார்புரேட்டர் கழுவுவது எல்லாம் பள்ளி நாட்களிலேயே கண்ணால் பார்த்து, பிறகு கையாலும் பழகிவிட்டார். வெல்டிங் தெரியாது. கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. அலுவலகம் போய்வர வேறொரு கார் இருக்கிறது. ஆகவே இந்த வண்டி சில வாரம் பிரித்துப்போட்டபடி கிடந்தாலும் குடி முழுகிவிடாது.

கடைசியாகச் சொன்னது சாதாரண விஷயமாகத் தோன்றும். ஆனால் பழைய காரைச் சொந்தமாகப் பராமரிக்க நினைத்துக் கசந்து விற்றவர்களில் பலர், திங்கள் காலை அதே வண்டியில் வேலைக்குப் போயாக வேண்டும் என்ற நிலையில் இருந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு போல்ட் உடைந்தால் அவர்களுக்கு அது நெருக்கடி. இரண்டாவது கார் உள்ளவருக்கு, அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்ற சமாதானம் உண்டு.

முதலில் கழிந்தவை

நண்பரின் பட்டியலில் நான்கு பெயர்கள் இருந்தன. முதலாவது போர்ஷே 944. 1982 முதல் 1991 வரை வந்த கார். ஓட்டுவதற்கு இன்றும் அருமையானது. உடல் கால்வனைஸ் செய்யப்பட்டது என்பதால் துருத் தொல்லை மற்றவற்றைவிடக் குறைவு. வெல்டிங் தெரியாதவருக்கு இதுதானே பொருத்தம் என்று அவர் வாதாடினார். வாதம் சரிதான். ஆனால் அதன் எஞ்சினில் டைமிங் பெல்ட் ஒன்று, பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்குத் தனி பெல்ட் ஒன்று. டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் போய் முட்டும். எடைப் பங்கீட்டுக்காக கியர்பாக்ஸைப் பின்பக்கம் வைத்து, எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே நீண்ட குழாய் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். கிளட்ச் தட்டை மாற்ற அந்த முழு வரிசையையும் பின்னால் நகர்த்தியாக வேண்டும். ஜாக்கியும் ஸ்டாண்டும் மட்டுமே உள்ள ஷெட்டில் அது தண்டனை. மலிவாகக் கிடைக்கும் 944 பெரும்பாலும் யாரோ ஒருவர் பெல்ட்டையும் கிளட்சையும் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு விற்கும் 944 ஆகவே இருக்கிறது.

இரண்டாவது மாஸ்தா எம்.எக்ஸ்-5, அதாவது 1989இல் வெளிவந்த முதல் தலைமுறை. அறிவுக்கு உகந்த பதில் இதுதான், மறுப்பதற்கில்லை. எஞ்சின் எளிதில் சாகாது, பாகங்கள் கிடைக்கின்றன, மழையிலும் செல்ஃப் அடித்த மாத்திரத்தில் கிளம்பும். கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டிக்கு சில் என்று பெயர்; பின்சக்கரத்துக்கு முன்னால் அதன் நுனி துருப்பிடிக்கும். அதைப் பார்த்து வாங்கினால் போதும். நண்பரின் ஆட்சேபம் வேறு மாதிரி இருந்தது. "பழுதே ஆகாத காரைப் பராமரிக்க நான் எதற்கு அண்ணா?" என்றார். சிரிப்பு வந்தாலும் அதில் நியாயம் இருந்தது. அவர் தேடியது போக்குவரத்தை அல்ல, ஞாயிற்றுக்கிழமை வேலையை.

மூன்றாவது டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இதை எழுதும்போது சென்னைக்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1960களில் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை நினைவிருக்கிறதா? முன்பக்க மட்காடுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னோக்கிக் கவிழுமே, அந்த வண்டி. அதன் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸைச் சுருக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள். பானெட்டைக் கவிழ்த்துவிட்டு முன்டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். வீட்டு மெக்கானிக்குக்கு இதைவிட வசதியான கார் அந்தக் காலத்தில் இல்லை என்றே சொல்வேன்.

அதற்கும் இரண்டு பலவீனங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் டிரனியன் என்ற பித்தளை மூட்டுக்கு கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கிரீஸ் அடித்து அடித்தே அதைக் கெடுத்தவர்கள் ஏராளம். கவனிக்காமல் விட்டால் மூட்டு ஒடிந்து, ஓடுகிற வண்டியில் சக்கரம் மடிந்துகொள்ளும். மற்றொன்று, கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் அரைவட்ட வாஷர்கள். அவை தேய்ந்து, கடைசியில் கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடும். சோதனை சுலபம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்க வேண்டும். மற்றவர் எஞ்சினின் முன்னால் உள்ள கப்பியைக் கவனிக்க வேண்டும். நாங்கள் பார்த்த ஸ்பிட்ஃபயரில் மிதித்த ஒவ்வொரு முறையும் கப்பி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் வந்து போனது. உரிமையாளர் பேட்டரி புதிது, டயர் புதிது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

ஏன் எம்.ஜி.பி.?

நான்காவதாக நின்றது எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான கார். அதன் உறவுக்கார மாதிரிகளையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர், பின்னால் லீஃப் ஸ்பிரிங் போட்ட சாதாரண ஆக்சில். அந்த எஞ்சின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரீஸ் குடும்பம். அம்பாசடரில் நாம் பார்த்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம்தான். நண்பர் பானெட்டைத் திறந்து ராக்கர் கவரைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிட்டது. அப்பாவின் டாக்சியில் பார்த்த அதே இரண்டு நட்டுகள், அதே வார்ப்பிரும்பு, அதே எண்ணெய்க் கசிவு.

வாங்குபவருக்கு எஞ்சினைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கார் உற்பத்தி நின்ற பிறகு பல வண்டிகளின் தகடு அடிக்கும் அச்சுகள் பழைய இரும்பாகப் போய்விட்டன. எம்.ஜி.பி.யின் அச்சுகள் பிழைத்தன. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் அவற்றைத் தேடித் திரட்டி, 1988இல் முழு உடற்கூட்டையே புதிதாகத் தயாரித்து விற்கத் தொடங்கியது. அந்த முயற்சியின் தோளில் ஏறித்தான் 1992இல் எம்.ஜி. ஆர்வி8 என்ற காரே வெளிவந்தது. செய்த சுமார் 2,000 வண்டிகளில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போனது. புதிய கூடு வாங்கப் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் வேண்டும் என்பதால் நம் நண்பருக்கு அது எட்டாக்கனி. ஆனாலும் கதவு, மட்காடு, சில், தரைத்தகடு எது வேண்டுமானாலும் தனித்தனியாகக் கடையில் கிடைக்கிறது என்பதுதான் இந்தக் காரை மற்ற பழைய கார்களிலிருந்து பிரித்து நிறுத்துகிறது. அபூர்வமான கார் ஒன்றை மலிவாக வாங்கி, ஒரு முன்விளக்கு வளையத்துக்காக மாதக்கணக்கில் அலைபவர்களைக் கண்டிருக்கிறேன்.

சட்டமும் பழைய காருக்குச் சாதகம். பிரிட்டனில் நாற்பது வயது தாண்டிய கார்களுக்குச் சாலை வரி கிடையாது. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய எம்.ஓ.டி. சோதனையிலிருந்தும் 2018 மே முதல் விலக்கு உண்டு. நம் ஊர் எஃப்.சி. மாதிரியானது இந்த எம்.ஓ.டி. அதிலிருந்து விலக்கு என்று கேட்டால் இனிக்கும். வாங்குபவருக்கு அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டு வண்டிகள்

பார்த்த எம்.ஜி.பி.க்களில் இரண்டைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.

முதலாவது 1971ஆம் ஆண்டின் சிவப்பு ரோட்ஸ்டர். கூரை இல்லாதது, குரோம் பம்பர், ஸ்போக் சக்கரம், புத்தம் புதிய பெயின்ட், புதிய தரைவிரிப்பு. கேட்ட விலை பட்ஜெட்டுக்குச் சற்று மேலே. நண்பர் அதைப் பார்த்த பார்வையிலேயே பேரம் பேசும் பலத்தை இழந்துவிட்டார்.

எம்.ஜி.பி.க்கு முந்தைய எம்.ஜி.ஏ. காரில் தனிச் சேசிஸ் இருந்தது. எம்.ஜி.பி.யில் அது இல்லை, உடலே சேசிஸ். கூரையில்லாத வண்டியில் முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்துத் தாங்குவது கதவுகளுக்குக் கீழே ஓடும் இரண்டு சில்கள். வெளித்தகடு, உள்தகடு, நடுவே ஒரு தடுப்புத் தகடு, அடியில் மடிப்பு மடிப்பான ஒரு பட்டை என்று பல தகடுகளைச் சேர்த்து வெல்ட் செய்த பெட்டி அது. வெளியே தெரிகிற பகுதியோடு அது முடிந்துவிடுவதில்லை. முன் மட்காடுக்கும் பின் மட்காடுக்கும் அடியில் நுழைந்து போகிறது. முறையாக மாற்ற வேண்டுமானால் மட்காடின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்து, உள்ளிருந்து தொடங்கி, மறுபடி மூட வேண்டும். வேலை அதிகம். ஆகவே குறுக்குவழிக்காரர்கள் கண்ணுக்குத் தெரிகிற துருவின் மேலேயே புதுத் தகட்டை வைத்து ஒட்டவைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள்.

சிவப்பு வண்டியின் சில்கள் மேல் பளபளப்பான ஸ்டீல் உறை போர்த்தியிருந்தது. அழகுக்குப் போட்டது என்றார் விற்பவர். இருக்கலாம். கதவை மூடி அதன் பின்விளிம்பில் உள்ள இடைவெளியைப் பார்த்தோம். கீழே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி, மேலே போகப் போகக் குறுகி, பெயின்ட்டும் பெயின்ட்டும் உரசும் நிலை. வண்டி நடுவில் தொய்ந்திருந்தால்தான் இப்படி ஆகும். அனுமதி கேட்டு, சில்லில் ஜாக்கி வைக்கும் இடத்தில் மெதுவாக உயர்த்தினோம். சக்கரம் தரையை விட்டு எழுவதற்கு முன்பே கதவு இறுகிக்கொண்டது, திறக்க வரவில்லை. பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குப் பின்னால் இருக்கும் கீழ் மூலையில் துணி சுற்றிய காந்தத்தை வைத்தேன். நிற்காமல் வழுக்கி விழுந்தது. அங்கே இரும்பே இல்லை, பட்டிதான்.

வில்லங்கம் என்றேனே, அது இதுதான். பிரிட்டனில் எந்த வண்டியின் பதிவெண்ணைக் கொடுத்தாலும் அதன் எம்.ஓ.டி. வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இந்த வண்டி கடைசியாகச் சோதனைக்குப் போனது 2017இல். அப்போது தோல்வி, காரணம் சஸ்பென்ஷன் பொருத்தும் இடத்துக்கு அருகில் துரு. மறு ஆண்டு விலக்கு வந்தது, அதற்குப் பிறகு எந்தச் சோதகரும் அதன் அடியில் டார்ச் அடித்துப் பார்த்ததில்லை. சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. வாங்குபவர் மட்டும் கண் திறந்திருக்க வேண்டும். இருபுறமும் சில்களை முறையாக மாற்ற அந்தப் பகுதி வெல்டர் ஒருவரிடம் தொலைபேசியில் விசாரித்தோம். அவர் சொன்ன தொகை வண்டி விலையில் பாதியைத் தொட்டது. அதுவும் திறந்து பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்வேன் என்றார். பெயின்ட் தனி.

இரண்டாவது வண்டி 1978ஆம் ஆண்டின் பழுப்பு நிற ஜி.டி. கூரையும் பின்கதவும் உள்ள மாதிரி. முன்னும் பின்னும் தடித்த கறுப்பு பம்பர். இந்தக் கறுப்பு பம்பருக்கு ஒரு வரலாறு. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக 1974 இறுதியில் குரோமை எடுத்துவிட்டு இதைப் பொருத்தினார்கள். வண்டியின் உயரத்தையும் ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்கினார்கள். திருப்பங்களில் வண்டி சாய்ந்ததாகப் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. 1976இல் பின்பக்கமும் சாய்வைக் கட்டுப்படுத்தும் ஆன்டி-ரோல் பார் சேர்த்துக் குறையைப் பெருமளவு சரிசெய்தார்கள், ஆனால் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் எம்.ஜி. ரசிகர்கள் பலர் கறுப்பு பம்பரைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள். கூரையில்லாத வண்டிக்கு இருக்கும் கிராக்கியும் ஜி.டி.க்கு இல்லை. இரண்டு வெறுப்பும் ஒரே வண்டியில் சேரும்போது விலை இறங்குகிறது. எனக்கென்னவோ ரசிகர்களின் இந்தச் சுளிப்பு, கை இறுக்கமானவர்களுக்குக் கிடைத்த தள்ளுபடி என்றே படுகிறது.

பெயின்ட் மங்கியிருந்தது. உள்கூரைத் துணி தொங்கியது. ஆனால் கதவு இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீர். ஜாக்கியில் ஏற்றியபோது கதவு வழக்கம்போலத் திறந்து மூடியது. முன் மட்காடின் கீழே, சில்லோடு அது சேரும் மூட்டுக்கோடு தெளிவாகத் தெரிந்தது. பட்டி பார்த்து மறைத்த வண்டிகளில் அந்தக் கோடு இருக்காது. உரிமையாளரான பெரியவர் ஒரு கோப்பை எடுத்து வைத்தார். சில்கள் 1990களில் மாற்றப்பட்டதற்கான ரசீதும், மட்காடு வெட்டித் திறந்திருந்த நிலையில் எடுத்த புகைப்படங்களும் அதில் இருந்தன. விலக்கு வந்த பிறகும் ஆண்டு தவறாமல் எம்.ஓ.டி.க்குப் போயிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "என் கண்ணுக்கு வயதாகிவிட்டது" என்றார்.

பிறகு குறைகளை எழுதத் தொடங்கினோம், பட்டியல் நீண்டது. முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால், சக்கரம் இடவலமாகத் திரும்புவதற்கான அச்சாணியான கிங்பின்னின் தேய்மானம் கையில் தெரிந்தது. முன்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் வழிந்திருந்தது. டாப் கியரில் எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை. புகைக்குழாய் கரிபிடித்திருந்தது, அதாவது கலவையில் பெட்ரோல் அதிகம். கிளட்ச் மேலே வந்து பிடித்தது. இன்னும் கொஞ்ச காலம்தான் தாங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு எண்ணெய் அழுத்தமானி ஓட்டத்தில் 60 காட்டியது, ஐடிலில் 20. ஓட்டத்தில் 50க்கும் 80க்கும் இடையே இருந்தால் இந்த எஞ்சினுக்கு ஆரோக்கியம், ஆகவே பேரிங்குகளைப் பற்றிய கவலை தீர்ந்தது.

சிவப்பு வண்டி நன்றாக ஓடியது, பழுப்பு வண்டி சுமாராக ஓடியது. இதை ஒளிக்க வேண்டியதில்லை. ஓட்டிப் பார்த்து மட்டும் முடிவு செய்பவர் சிவப்பைத்தான் வாங்கியிருப்பார். ஆனால் பழுப்பு வண்டியின் குறைகளில் ஒன்றுகூட வெல்டிங் கேட்கவில்லை. எல்லாம் போல்ட்டைக் கழற்றி, பாகத்தை மாற்றி, மறுபடி முடுக்கும் வேலை. முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டமே நான்கு போல்ட்டில் நிற்பதுதான். சிவப்பு வண்டியின் ஒரே குறை நண்பரின் கைக்கு அப்பாற்பட்டது. 4,200 பவுண்டுக்குப் பேரம் முடிந்தது. மீதிப் பணத்தில் கை வைக்கக் கூடாது, அது பாகங்களுக்கு என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம்.

ஷெட்டில் நடந்தது

முதல் வேலையாக டயர். பட்டன் ஆழமாகவே இருந்தது, ஆனால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியீட்டைப் படித்தால் ரப்பருக்கு வயது பதினைந்தைத் தாண்டியிருந்தது. குறைவாக ஓடும் பழைய கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே கெட்டிப்பட்டுவிடுகிறது. ஈரச் சாலையில் அது பிடிக்காது. நான்கையும் மாற்றினார். அடுத்து பிரேக் ஹோஸ்கள், பிரேக் ஆயில், எஞ்சின் ஆயில், குளிர்நீர். பெட்ரோல் குழாய்களையும் விட்டுவைக்கவில்லை. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதில் இளகி வெடிக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் போட்டுவிட்டு, எத்தனால் குறைந்த சூப்பர் பெட்ரோலையே ஊற்றுகிறார். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றபோது இந்த வார்ப்பிரும்பு ஹெட்டுகளுக்கு வால்வு இருக்கை தேயும் பிரச்சினை வந்தது. முந்தைய உரிமையாளர் கெட்டியான இருக்கைகளைப் போட்டிருந்ததால் நண்பருக்கு அந்தச் செலவு மிச்சம்.

கருவிப் பெட்டியில் ஒரு சிக்கல். நண்பரிடம் இருந்தது மில்லிமீட்டர் ஸ்பேனர் செட். எம்.ஜி.பி.யின் நட்டுகளோ அங்குல அளவு: 7/16, 1/2, 9/16. பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் அரை அங்குல நட்டில் ஏறக்குறைய உட்காரும். அந்த ஏறக்குறைய என்பதில்தான் நட்டின் முனை மழுங்குகிறது. அங்குல செட் ஒன்றை முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது.

ஓவர்டிரைவ் பற்றி இருவருக்குமே பயம் இருந்தது. அது கியர்பாக்ஸோடு சேர்ந்த பாகம். உள்ளே கெட்டிருந்தால் எஞ்சினையும் சேர்த்து இறக்க வேண்டும். இந்த ஆண்டு மாதிரியில் அதன் சுவிட்ச் கியர் கைப்பிடியின் தலையில் இருக்கிறது, கம்பி கியர் தண்டின் வழியே கீழே இறங்குகிறது. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கம்பி வளைந்து நிமிர்கிறது. கைப்பிடியைத் திருகி எடுத்துப் பார்த்தால், எதிர்பார்த்த இடத்திலேயே உள்ளே செம்பு அறுந்து, மேலுறை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அரை முழம் கம்பி, கொஞ்சம் சால்டரிங். டாப் கியரில் போகும்போது சுவிட்சைத் தட்டினால் எஞ்சின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு போல இறங்குகிறது. நெடுஞ்சாலையில் காது நிம்மதி அடைகிறது. விற்றவருக்கு இதற்காக நாங்கள் குறைத்துக் கொடுத்த தொகையை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கார்புரேட்டர் வேலை ஒரு மாலைப் பொழுதை முழுதாக விழுங்கியது; மனிதர் அதில் சொக்கிப்போனார். எஸ்.யு. கார்புரேட்டரில் ஒரு பிஸ்டன், அதன் அடியில் கூம்பிக்கொண்டே போகும் ஒரு ஊசி. காற்று இழுப்புக்கு ஏற்ப பிஸ்டன் உயர, ஊசியும் உயர்ந்து பெட்ரோலுக்கு வழிவிடும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். முதலில் இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்தால் சீறல் கேட்கும். இரண்டின் சீறலும் ஒத்துப்போகும்வரை திருகைத் திருப்ப வேண்டும். அப்புறம் கலவை. மெல்லிய திருப்புளியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தினால், எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. சற்று ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. நம் வண்டியில் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. கால் திருகு, மீண்டும் காது, மீண்டும் கால் திருகு. டேப்பட்டும் இப்படித்தான் பொறுமை கேட்கும். எட்டு வால்வுகள், ஒன்பது கணக்கு என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றைச் சரிசெய், ஏழு திறந்திருக்கும்போது இரண்டை. இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது.

கிங்பின்னில் மட்டும் வெளியார் உதவி தேவைப்பட்டது. அதன் புஷ்களைப் போட்டபின் துளையை ரீமர் கொண்டு நுட்பமாகச் சீராக்க வேண்டும். வீட்டில் ஆகிற காரியம் இல்லை. பழையதைக் கொடுத்து, சீரமைத்த முழு அசெம்பிளியைப் பரிமாற்றமாக வாங்கிக்கொண்டார். கழற்றிய கிங்பின்னில் கிரீஸ் நிப்பிளின் வாய் காய்ந்த சேற்றால் அடைபட்டிருந்தது. கோப்பில் கிரீஸ் அடித்ததாக ஒவ்வொரு ஆண்டும் குறித்திருக்கிறது. கிரீஸ் உள்ளே போயிற்றா என்று யாரும் பார்க்கவில்லை.

பாகங்கள் கிடைக்கின்றன என்று பெருமையாக எழுதினேன். அதில் ஒரு திருத்தம். எல்லாப் புதிய பாகமும் நல்ல பாகம் அல்ல. குறிப்பாக டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர், கண்டென்சர் போன்ற சின்னச் சாமான்களில் தரம் படுமோசமாக ஏறி இறங்குகிறது. புதுக் கண்டென்சர் போட்டு இரண்டாம் வாரமே வண்டி நடுவழியில் நின்றது. கழற்றி வைத்திருந்த பழையதை மாட்டி வீடு திரும்பினார். ஓடுகிற பழைய பாகத்தைத் தூக்கி எறியாமல் டிக்கியில் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

டயர், கிங்பின், ஷாக் அப்சார்பர், ஹோஸ்கள் எல்லாம் சேர்த்து முதல் ஆண்டில் பாகங்களுக்கு ஆன செலவு ஆயிரம் பவுண்டைச் சற்றுத் தாண்டியது. கூலி எதுவும் இல்லை. ஒதுக்கிய தொகையில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

இந்தத் தேர்வு எல்லோருக்கும் பொருந்தாது. வெல்டிங் கைவந்தவர் நேர்மாறாகச் செய்யலாம். எஞ்சின், கியர்பாக்ஸ், குரோம் எல்லாம் நல்லபடியாக உள்ள, சில் மட்டும் அழுகிய ரோட்ஸ்டரை அடிமாட்டு விலைக்கு வாங்கி, தகடு வாங்கித் தானே வெல்ட் செய்துகொள்ளலாம். அந்தச் சிவப்பு வண்டிகூட அப்படி ஒருவர் கையில் நியாயமான கொள்முதலாக இருந்திருக்கும், விலையைப் பாதியாகக் குறைத்திருந்தால். வேகத்துக்காக ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவருக்கும் எம்.ஜி.பி. வேண்டாம், இன்றைய சாதாரண ஹேட்ச்பேக் அதைச் சிக்னலிலேயே தாண்டிப் போய்விடும்.

பாக்கி இருப்பது கிளட்ச். இந்தக் காரில் கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்கி கிளட்ச் மாற்ற முடியாது. எஞ்சின் வெளியே வந்தாக வேண்டும். அதை வரும் குளிர்காலத்துக்கு ஒதுக்கியிருக்கிறார், தூக்கும் கிரேன் வார வாடகைக்குக் கிடைக்கிறது. எஞ்சின் வெளியே தொங்கும்போது ரிலீஸ் பேரிங், கிராங்க்கின் பின் ஆயில் சீல், எஞ்சின் மவுன்ட்டிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். முப்பது நாற்பது பவுண்டு மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்தச் சீலை விட்டுவிட்டால், எண்ணெய் புதுத் தட்டில் கசிந்து அதற்கடுத்த குளிர்காலமும் அதே கிரேனை வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும்.